கல்லீரலில் எவ்வளவு கல்?

பாஸ்போர்ட் இல்லாமல் நாடு விட்டு நாடு போகிறவர்கள் நாங்கள். கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கு ‘நாடு’ என்றுதான் பெயர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று மொத்தம் 14 நாடுகள். எங்களுடையது எடப்புளி நாடு. அந்த நாட்டுப் பிரஜையான என் மாமாவை, போன சித்திரையில் ஒரு விடிகாலையில் பஸ் ஏற்றி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிச் சுற்றி இறங்கி, காரவள்ளி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப் போனேன். அவருக்கு வயிறு காலி. வயிற்று ஸ்கேனுக்கு அப்படித்தான் வரச் சொல்வார்கள். எனக்கு வயிறு நிறைய இட்லி. பாதி வளைவு இறங்குவதற்குள் என் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் தேர் பார்க்கப் போகிற பிள்ளை மாதிரி துள்ளிக்கொண்டுதான் போனேன். காரணம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால், ஐப்பசியில், இதே ஸ்கேனுக்கு வந்தபோது டாக்டரம்மாவை நச்சரித்திருந்தேன். “அந்தத் திரைக்குப் பின்னால என்னதாங்க மேடம் நடக்குது?” அவர் சிரித்துவிட்டு, “அடுத்த தடவ வாங்க. மாமா சரின்னு சொன்னா பக்கத்துல உட்கார வெச்சே காட்டறேன்” என்றார். மாமா உடனே சரி என்றார். “என் வயித்துல என்ன படமா ஓடுது? பாத்துட்டுப் போ மாப்ள!”

படம்தான் ஓடியது. வாருங்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். கதவைச் சாத்திவிடுங்கள், வெளிச்சம் வந்தால் டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும்.

அறை இருட்டு. மலைக்காரனுக்கே நடுங்குகிற மாதிரி ஏசி. இருட்டு எதற்கு என்றால், திரையில் தெரிவதெல்லாம் சாம்பல் நிறத்தின் நூறு சாயல்கள். வெளிச்சத்தில் இரண்டு சாயலுக்கு நடுவே உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. ஏசி நமக்காக இல்லையாம், மெஷினுக்காம். சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது என்ற பலகை. கட்டிலில் மாமா, சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பலிக்கு நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி படுத்திருக்கிறார். டாக்டரம்மாவின் வலது கையில் புரோப். இடது கை பட்டன் பலகையின் மேல் ஆர்மோனியம் வாசிக்கிறது. நிஜமாகவே வாசிப்புதான். ஒரு விரல் படத்தை உறைய வைக்கிறது, இன்னொன்று அளவெடுக்கிறது, கட்டைவிரல் ஒரு உருண்டையை உருட்டிக்கொண்டே இருக்கிறது. அவர் கையைப் பார்க்கவே இல்லை.

புரோப்பின் முனையிலிருந்து வினாடிக்கு 35 லட்சம் அதிர்வுகள் கிளம்புகின்றன. நம் காது 20,000-த்தோடு கடையைக் கட்டிவிடும். இந்த ஒலிக்குக் காற்று என்றால் ஆகாது, நடுவில் ஒரு குமிழி இருந்தாலும் திரும்பிப் போய்விடும். அதற்குத்தான் அந்தச் சில்லென்ற ஜெல். தோலுக்கும் புரோப்புக்கும் நடுவே காற்றை விரட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. வெறும் வயிறு கேட்பதற்கும் பாதிக் காரணம் காற்றுதான்; சாப்பிட்டால் குடலில் வாயு. மீதிப் பாதி பித்தப்பை. நாம் ஒரு தோசை சாப்பிட்டால் போதும், பித்தப்பை தன்னைப் பிழிந்துகொண்டு சுருங்கிவிடும். அப்புறம் அதில் கல் இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

“ஐயா, மூச்ச நல்லா இழுங்க... புடிங்க... புடிங்க... விடுங்க.”

கல்லீரல் விலா எலும்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூச்சக்காரன். மூச்சை இழுத்தால் உதரவிதானம் கீழே இறங்கி அதை வெளியே தள்ளும். ‘புடிங்க’ என்று சொல்லும் அந்த ஐந்து வினாடியில்தான் ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு முழுவதையும் இவர் மேய்ந்து முடிக்கவேண்டும். மாமா சிறு வயதில் தேன் எடுக்க மரம் ஏறியவர். மூச்சைப் பிடித்தார் பாருங்கள், டாக்டரம்மாவே, “போதும்யா, விட்டுருங்க” என்று கெஞ்சும்படி ஆகிவிட்டது.

இப்போது திரையைப் பாருங்கள். ஒரே சட்டகத்தில் கல்லீரலும் வலது சிறுநீரகமும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களாக நிற்கின்றன. மொத்த நாடகத்தின் ரகசியமே இந்தக் காட்சியில்தான். நல்ல கல்லீரல் சிறுநீரகத்தின் நிறத்திலேயே இருக்கும், மிஞ்சிப் போனால் ஒரு நூல் வெளுப்பு. கொழுப்பு சேர்ந்த கல்லீரல் பாலூற்றிக் கரைத்த மாதிரி பளீரென்று தெரியும். கொழுப்புத் துளிகள் ஒலியைச் சிதறடிப்பதால் வருகிற வெளுப்பு அது. வெளுப்பு கூடக்கூட முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு, மூன்றாம் கிரேடு. ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டு நாமெல்லாம் பரீட்சை மார்க் மாதிரி பயப்படுகிறோமே, அந்தக் கிரேடு இவ்வளவுதான்: பக்கத்து வீட்டுக்காரனைவிட எவ்வளவு வெள்ளை? இன்னொரு ரகசியமும் சொன்னார். கொழுப்பு கொஞ்சமாக இருந்தால் இந்த ஸ்கேனுக்குத் தெரியவே தெரியாது.

மாமாவின் கதை கிரேடைத் தாண்டிவிட்ட கதை. டாக்டரம்மா புரோப்பை மாற்றினார். சீப்பு மாதிரி தட்டையான இன்னொன்று. அதைக் கல்லீரலின் மேல்புறத்தில் வைத்தார். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக ஓடவேண்டிய கோடு, பாகற்காய்த் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக ஓடியது. “பாத்தீங்களா?” பார்த்தேன். குதித்துக்கொண்டு வந்தவன் அந்த நிமிஷம் மட்டும் குதிக்கவில்லை.

மாமாவுக்கு இது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஊரே கேட்டது. ஆள் ஐம்பத்தாறு வயது, ஒல்லி. “உனக்கு ஈரல்ல கொழுப்பாம்” என்று முதல் முதலில் சொன்னபோது வீட்டில் ஒரே சிரிப்பு. அத்தை, “வாயிலதான் கொழுப்புன்னு நெனச்சேன், ஈரல்லயுமா?” என்றார். குடி? விசேஷத்துக்கு உண்டு, தினமும் இல்லை. அந்த விசேஷமும் இனிமேல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவிடம் இருந்தது சர்க்கரை, ஒன்பது வருஷமாக.

குடிக்காதவனுக்கு எப்படிக் குடிகாரன் ஈரல் என்ற குழப்பம் மாமா வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோய்க்கூறியல் டாக்டர் 1980-ல் இப்படிப்பட்ட 20 பேரின் ஈரல் திசுவை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். நுண்ணோக்கியில் பார்த்தால் குடிகாரர் ஈரல், ஆட்களோ குடிக்காதவர்கள். அவர் வைத்த பெயரில் ‘மது அல்லாத’ என்ற வார்த்தை ஒட்டிக்கொண்டது. நாற்பது வருஷத்துக்கும் மேல் ஓட்டிவிட்டு, 2023-ல் உலகத்துக் கல்லீரல் மருத்துவர்கள் கூடி அந்தப் பெயரை எடுத்துவிட்டு, சர்க்கரை, எடை, ரத்தக்கொதிப்பு இவற்றோடு சேர்ந்த நோய் என்று சொல்கிற மாதிரி புதுப் பெயர் வைத்தார்கள். எம்ஏஎஸ்எல்டி. வாயில் நுழைகிறதா? எனக்கும் நுழையவில்லை. நாம் ஃபேட்டி லிவர் என்றே பேசுவோம்.

ஒல்லியான ஆளுக்கு வருமா? வங்காளத்தில் பீர்பூம் மாவட்டத்துக் கிராமங்களில் அபிஜித் சௌத்ரியும் கூட்டாளிகளும் 1,911 பேரைப் பரிசோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். வயலில் வேலை செய்கிற ஏழை ஜனங்கள். அவர்களில் நூற்றுக்கு 8.7 பேருக்கு ஈரலில் கொழுப்பு. அந்தக் கொழுப்புக்காரர்களிலும் முக்கால்வாசிப் பேர் குண்டு இல்லை. நகரத்துக் கணக்கு இன்னும் மோசம். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 32 பேர். அதிலும் சர்க்கரைக்காரர்களில் பாதிக்கு மேல். இந்தியா முழுக்க வந்த ஆய்வுகளைத் திரட்டி 2022-ல் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் சொன்ன கணக்கு, பெரியவர்களில் நூற்றுக்கு 38.6.

இதையெல்லாம் நாமக்கல்லில் உட்கார்ந்து கேட்கும்போது எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது. ஏனென்றால் இந்த ஊர்க் கோழிப் பண்ணைக்காரரைக் கேட்டால் ஃபேட்டி லிவரைப் பற்றி நமக்கே வகுப்பெடுப்பார். கூண்டில் நிற்கிற முட்டைக் கோழிக்கு வருகிற பேர்போன வியாதி அது. ஓடியாட இடமில்லை, தீவனத்தில் சக்தி அதிகம், வெயில் வேறு. ஈரல் மஞ்சளாக ஊதி, வெண்ணெய் மாதிரி கொழகொழத்து, ஒரு நாள் உள்ளேயே ரத்தம் கசிந்து கொண்டை வெளுத்துக் கோழி சாய்ந்துவிடும். அதுவரை முட்டை போட்டுக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் தீவனத்தில் கோலின் என்ற சத்தைக் கலக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களோ வாத்துக்கு வேண்டுமென்றே இந்த நோயை வரவழைத்து, அந்த ஈரலை விருந்தில் வைப்பவர்கள். ரோமானியர் காலத்தில் வாத்துக்கு அத்திப்பழம் திணித்திருக்கிறார்கள். அத்திக்கு லத்தீனில் என்ன பெயரோ, அதிலிருந்துதான் பிரெஞ்சிலும் இத்தாலியிலும் ஈரலுக்கே பெயர் வந்தது. கோழிக்குக் கோலின் கொடுக்கத் தெரிந்த நாம், கூண்டில் உட்கார்ந்தபடி மூன்று வேளையும் அரிசியை ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதை யோசித்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

சரி, ஸ்கேனுக்கு முந்தைய கதைக்கு வருகிறேன். மாமாவுக்கு ஈரலில் சந்தேகம் வந்ததே ஒரு பில்லின் முதுகில்தான். சர்க்கரைக்குப் பார்த்த டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபடி பேனாவை எடுத்தார். நான்கு எண்கள். வயது 56. ஈரல் நொதிகளான ஏஎஸ்டி 48, ஏஎல்டி 64. பிளேட்லெட் ஒன்றரை லட்சம், அதாவது ஆயிரத்தில் 150. வயதை ஏஎஸ்டியால் பெருக்கினார், 2,688. ஏஎல்டிக்கு வர்க்கமூலம் 8, அதைப் பிளேட்லெட்டோடு பெருக்கினால் 1,200. முதலாவதை இரண்டாவதால் வகுத்தார், 2.24. “ம்ம்” என்றார்.

இந்தக் கணக்குக்கு ஃபிப்-4 என்று பெயர். 2006-ல் வந்தது. 1.3-க்குக் கீழே இருந்தால் ஈரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67-ஐத் தாண்டினால் நேரே கல்லீரல் டாக்டரிடம் போகவேண்டும். நடுவில் இருந்தால் அடுத்த பரிசோதனை. (முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரிப்படாது, 65-ஐத் தாண்டியவர்களுக்கு 1.3 என்பதை 2 என்று வைத்துக்கொள்கிறார்கள்.) எனக்கு இதில்தான் தலை சுற்றியது, வளைவில் சுற்றியதைவிட அதிகமாக. புது ஊசி இல்லை, புது மெஷின் இல்லை, புதுச் செலவு இல்லை. வருஷா வருஷம் எடுத்து மடித்துப் பெட்டியில் போட்ட அதே தாளில் அதே நான்கு எண்கள். பழைய தாள்களை வீட்டில் தோண்டி எடுத்துக் கணக்குப் போட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே மாமா நடுக்கட்டத்துக்கு வந்துவிட்டிருந்தார். யாரும் வகுத்துப் பார்க்கவில்லை, நானும்தான்.

அடுத்த பரிசோதனைதான் எனக்குப் பிடித்த காட்சி. ஃபைப்ராஸ்கேன்! பிரான்ஸில் உருவாகி 2003-லிருந்து புழங்குகிற மெஷின். மாமா மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். விலா எலும்புகளின் இடைவெளியில் புரோப்பை நிறுத்தி, பொத்தானை அமுக்கினால் ‘டொக்’ என்று ஒரு தட்டு. வலி இல்லை, சுண்டுவிரலால் சுண்டிவிட்ட மாதிரி. அந்தத் தட்டு ஈரலுக்குள் ஓர் அலையாகப் போகிறது; பின்னாலேயே ஒலியை அனுப்பி, அந்த அலை என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். மெத்தென்ற ஈரலில் அலை மெதுவாகப் போகும். இறுகிப்போன ஈரலில் விறுவிறுவென்று ஓடும். பத்துத் தடவை தட்டி நடு எண்ணை எடுக்கிறார்கள். அளவு கிலோபாஸ்கலில். 8-க்குக் கீழே நிம்மதி, 12-க்கு மேலே கவலை. மாமாவுக்கு 15.4.

“பலாப்பழத்த தட்டிப் பாக்கற மாதிரி பாக்கறாங்கடா மாப்ள” என்றார் மாமா கட்டிலில் படுத்தபடியே. அட, சரிதானே! எங்கள் மலையில் ஒரு பலாவைத் தட்டினால் அது பழுத்ததா, காயா, இன்னும் நான்கு நாள் ஆகுமா என்று சொல்லாத ஆள் கிடையாது. மருத்துவத்தில் தட்டிப் பார்க்கும் வித்தையைக் கொண்டுவந்தவரும் இந்தக் கூட்டத்து ஆள்தான். ஆஸ்திரியாவில் ஒரு விடுதிக்காரர் மகன், லியோபோல்ட் ஆவென்ப்ருகர். அப்பா பீப்பாயைத் தட்டி உள்ளே ஒயின் எதுவரை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர். பிறகு டாக்டராகி, நோயாளியின் மார்பைத் தட்டி 1761-ல் புத்தகமே போட்டார்.

தமிழில் இந்த உறுப்புக்குப் பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். கல்லீரல்! நல்ல நாளில் அதில் கல் கிடையாது, தொட்டால் மெத்தென்று இருக்கும். ஆட்டுக்கறிக் கடையில் பார்த்திருப்பீர்கள். வருஷக்கணக்காகக் கொழுப்பு சேர்ந்து, அதனால் அழற்சி வந்து, அழற்சி ஆறும்போது தழும்பு விழுந்து, தழும்பின் மேல் தழும்பு விழுந்து ஒரு நாள் பேருக்கு ஏற்ற மாதிரி கல்லாகிவிடுகிறது. சிரோசிஸ் என்கிறார்களே, அது. மெஷின் சொன்ன 15.4 என்பது மாமாவின் கல்லீரலில் எவ்வளவு கல் என்ற கணக்கு.

இத்தனை நடந்தும் மாமாவுக்கு ஒரு வலியும் இல்லை. “ஈரக்குலை நடுங்குது” என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோமே, நடுங்கவே நடுங்காது. முக்கால்வாசி கெட்டுப்போனாலும் மீதியை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தும். அதனால்தான் அடுத்த ஆபத்தை நாமே தேடிப் போய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அந்த ஆபத்து, புற்று. கல்லாகிப்போன ஈரலில்தான் அது பெரும்பாலும் முளைக்கும். கல்லாகாத ஃபேட்டி லிவரிலும் சிலருக்கு முளைக்கிறது என்பதை மறைக்க முடியாது. ஆனால் முதல் கிரேடு என்று ரிப்போர்ட் வந்த எல்லாரும் புற்றுக்குப் பயந்து ஸ்கேன் சென்டரில் குடியேறவேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனை என்பது சிரோசிஸ் வந்தவர்களுக்கும், ஹெபடைடிஸ் பி கிருமி நெடுநாளாக உடம்பில் இருப்பவர்களில் சிலருக்கும்தான். ஏஎஃப்பி கருவில் இருக்கும் குழந்தை உண்டாக்குகிற புரதம். வளர்ந்தவர் ரத்தத்தில் அதற்கு வேலை இல்லை. ஈரல் புற்று வந்த எலிகளின் ரத்தத்தில் அது திரும்பவும் தலை காட்டுவதை 1963-ல் மாஸ்கோவில் கண்டுபிடித்தவர் காரி அபெலெவ். அடுத்த வருஷமே யூரி தாத்தாரினோவ் மனிதர்களிடமும் பார்த்துவிட்டார். ஈரல் செல்கள் கிழடான பிறகு குழந்தை மொழி பேச ஆரம்பித்தால் சந்தேகம் வருமா, வராதா?

ஏன் ஆறு மாதம்? மூன்று மாதமாக வைத்தால் இன்னும் நல்லதில்லையா? நானும் கேட்டேன். பிரான்ஸில் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். சிரோசிஸ் உள்ள 1,278 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று மாதம், மறு பாதிக்கு ஆறு மாதம். மூன்று மாதக்காரர்களுக்குச் சில்லறைப் புள்ளிகள்தான் கூடுதலாகத் தெரிந்தன. சின்னதாக இருக்கும்போதே பிடித்த புற்று கூடவில்லை. 2011-ல் வந்த முடிவு. இப்படித் தேடுவதால் உயிர் மிஞ்சுமா என்பதற்கு ஷாங்காயின் கணக்கு இருக்கிறது. 18,816 பேர், எல்லாரும் ஹெபடைடிஸ் பி தொற்றோ நாள்பட்ட ஈரல் அழற்சியோ கண்டவர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கப்பட்ட பக்கத்தில் ஈரல் புற்றுச் சாவு 37 சதவீதம் குறைவு. அதுவும், கூப்பிட்ட தடவைகளில் வந்தது பத்தில் ஆறு பங்குக்கும் குறைவு! மீதித் தடவை டிமிக்கி கொடுத்தும் இவ்வளவு. பத்துக்கு ஆறு என்றால் எங்கள் மலைக்கு நல்ல வருகைப்பதிவு என்றே சொல்வேன். ஒரு நாள் கூலி, பஸ் காசு, வெறும் வயிறு, 70 வளைவு.

இனி சித்திரைக் காலைக்குத் திரும்புகிறேன். ஏனென்றால் டாக்டரம்மாவின் ஆர்மோனியம் நின்றுவிட்டது.

ஒரு புள்ளி. போன தடவை இல்லாத புள்ளி, அல்லது போன தடவை கண்ணில் படாத புள்ளி. கட்டைவிரல் உருட்டியது, இரண்டு சின்னக் கூட்டல் குறிகள் திரையில் விழுந்தன. 1.4 சென்டிமீட்டர். வேப்பங்கொட்டை அளவு. “ஒரு செமீ-க்குக் கீழ இருந்தா மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். தாண்டிருச்சு. சிடி எடுத்துரலாம்.” மாமா கூரையைப் பார்த்தபடி, “என்னவாம் மாப்ள?” என்றார். “ஒண்ணுமில்ல மாமா, இன்னொரு போட்டோ எடுக்கணுமாம்.” என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

நான்கு நாள் கழித்து சிடி. இதன் பின்மேடை இன்னும் அட்டகாசம். கல்லீரலுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து வருகிற போர்ட்டல் சிரை வழியாக, கால் பங்கு தமனி வழியாக. புற்று மட்டும் ஓசைப்படாமல் தமனிக்குத் தனிக் குழாய் போட்டுக்கொள்ளும், தெருக்குழாயில் மோட்டார் போடுகிற பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. கையில் சாயம் ஏற்றிவிட்டு மூன்று தடவை படமெடுக்கிறார்கள். அரை நிமிஷத்தில் முதல் படம், சாயம் தமனியில் இருக்கும்போது. புற்று என்றால் அப்போதே விளக்குப் போட்ட மாதிரி எரியும். ஒரு நிமிஷம் தாண்டி இரண்டாவது படம், ஈரல் முழுக்கச் சாயம் வந்திருக்கும். இன்னும் சில நிமிஷம் கழித்து மூன்றாவது, அப்போது புற்று சாயத்தைக் கக்கிவிட்டு மற்ற இடத்தைவிட இருட்டாகிவிடும். முதலில் எரிந்து பிறகு அணைந்தால் மாட்டிக்கொண்டான். சிரோசிஸ்காரருக்கு இந்தச் சாட்சியே போதும், ஊசி குத்திச் சதை எடுக்காமலே புற்று என்று சொல்லிவிடுவார்கள். உடம்பில் வேறு எந்த இடத்துப் புற்றுக்கும் பொதுவாக இந்தச் சலுகை இல்லை.

அப்படிச் சின்னதாகப் பிடித்துவிட்டால் என்ன லாபம்? இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்குள் என்றால் ஊசியை உள்ளே விட்டுச் சூட்டாலேயே சுட்டுவிடலாம். வெட்டி எடுக்கலாம். ஈரலையே மாற்றலாம், அதற்கு 1996-ல் மிலானில் மத்சாஃபெர்ரோ போட்ட கோடு, ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3-க்குள். நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று அறுவைசிகிச்சையும் உண்டு. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, எடை இறங்கிய பிறகு வந்தால் இந்தக் கதவுகளில் பெரும்பாலானவை சாத்தியிருக்கும்.

மாமாவின் புள்ளி முதல் படத்தில் ஓரத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாக மின்னியது. இரண்டாவதில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது. மூன்றாவதில் மழைத்தண்ணி ஏறின குட்டை மாதிரி மெல்ல நிரம்பி, வெளுப்பு அப்படியே நின்றது. அணையவில்லை! ஹீமாஞ்சியோமா. ரத்தக் குழாய்கள் சுருண்டுகொண்ட ஒரு முடிச்சு, யாருக்கும் தொந்தரவில்லாத மச்சம். டாக்டரம்மா சொன்னதும் நான் காரிடாரில் நின்று விசிலடித்தேன். வாட்ச்மேன் திட்டினார். நியாயமான திட்டு.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா கேட்டார். “கீழாநெல்லி சாப்பிட்டா சரியாகாதா?” மலைக்காரரிடம் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? சித்தர் கோரக்கர் குகை இருக்கிற மலை ஆயிற்றே. இதற்கும் ஒரு சென்னைக் கதை உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய பரூச் பிளம்பெர்க்கும், சென்னை நுண்ணுயிரியலாளர் எஸ்.பி.தியாகராஜனும் சேர்ந்து, அந்தக் கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து 1988-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். நல்ல பலன் என்றது கட்டுரை. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. தடுப்பூசி ஜெயித்தது, தைவானில் 1984-ல் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்த பிறகு சிறுவர்களிடையே ஈரல் புற்றே குறைந்தது. எந்தப் பச்சிலையும் ஈரலுக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு குடிக்காதீர்கள். சீந்தில் சாப்பிட்டு ஈரல் கெட்டு வந்தவர்களைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுத, ஆயுஷ் அமைச்சகம் மறுக்க, பெரிய சண்டையே நடந்தது.

“அப்ப என்னதான் சாப்பிடறது?” காபி என்றேன். மாமா நம்பவில்லை. நிஜம்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் உட்கார்ந்து பார்த்தபோது, காபி குடிப்பவர்களுக்கு ஈரல் புற்று குறைவாக வருவதாகத்தான் ஆய்வுகள் காட்டின. எங்கள் மலையில் மிளகுக்கொடிக்குப் பக்கத்தில் காபி விளைகிறது. நாங்கள் அதை விற்றுவிட்டுச் சர்க்கரை அள்ளிப் போட்ட டீ குடிக்கிறோம். சாமையும் கேழ்வரகும் விளைந்த காட்டில் ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி போட்டுவிட்டு, கடை அரிசி வாங்கிச் சாப்பிடுகிறோம். இதற்கு எந்த ஸ்கேனும் வேண்டாம், எங்களுக்கே தெரியும். உடம்பு எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தழும்புகூடக் குறையத் தொடங்கும் என்று சொல்கிறார்கள். குண்டானவர்களுக்கான கணக்கு அது. மாமாவுக்குச் சொன்னது சர்க்கரையை அடக்கு, விசேஷத்தை விடு, நட.

மெஷினை மலைக்கு ஏற்ற முடியாதா என்றும் டாக்டரம்மாவைக் கேட்டிருந்தேன். அல்ட்ராசவுண்ட் மெஷினைப் பதிவு செய்த இடத்திலிருந்து நினைத்தபடி தூக்கிக்கொண்டு போகச் சட்டம் விடாது, அந்தச் சுவர்ப் பலகைக்குப் பின்னால் இருக்கிற அதே சட்டம். ஆனால் நான்கு எண்கள் மலை ஏறலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருகிற அக்காவின் நோட்டில் இருக்கிற பெயர்கள்தான் ஃபேட்டி லிவருக்கும் முதலில் பார்க்கவேண்டிய பெயர்கள். அதே 2021-ல் மத்திய அரசும் சர்க்கரை, இதயநோய், புற்று இவற்றுக்கான திட்டத்தில் ஃபேட்டி லிவரைச் சேர்த்துவிட்டது. அந்த நோட்டில் இன்னொரு கட்டம் போட்டு ஃபிப்-4 எழுத எவ்வளவு மை செலவாகும்? சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் யோசியுங்கள்.

நீங்கள் சுகாதாரத் துறையில் இல்லையா? பரவாயில்லை. வீட்டில் சர்க்கரை மாத்திரை போடுகிற பெரியவர் இருந்தால் அவருடைய பழைய ரத்தப் பரிசோதனைத் தாளை இன்றைக்கு எடுங்கள். வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி, பிளேட்லெட். வர்க்கமூலம் மறந்துபோயிருந்தால் பத்தாவது படிக்கிற பிள்ளையைக் கூப்பிடுங்கள். வருகிற எண்ணைத் தாளின் மேல் எழுதி, அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் நீட்டுங்கள். மாமாவுக்கு அடுத்த தேதி ஐப்பசியில். இந்த முறை நானும் வெறும் வயிற்றோடுதான் இறங்கப் போகிறேன்.